புது ஜன்னலுக்குக் கீல், பூட்டு, உருளை: பெயரைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டு, இரட்டைக் கண்ணாடியோடு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) அல்லது அலுமினிய ஜன்னல் போடப் போகிறீர்கள். செய்து தருபவர் கொடுத்த பட்டியலில் ஃபிரிக்ஷன் ஸ்டே, எஸ்பக் ஹேண்டில், மல்டிபாயின்ட் லாக், ரோலர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. எது அவசியம், எது வெறும் அலங்காரம், என்ன தரம் கேட்பது, பழைய பித்தளைச் சாமான்களைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தெரிந்தவர் வீட்டில் போட்ட ஜன்னல் இரண்டே வருடத்தில் தொங்கிவிட்டது, "கீல் மட்டமான கீல்" என்று காரணம் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் உங்களுடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டு ஜன்னலுக்கும் அந்தக் கதி வராமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜன்னல் செய்வதும் பொருத்துவதும் என் தொழில். சில ஆண்டுகளாகப் புதிது செய்வதைவிட, பிறர் போட்டதைச் சரிசெய்யத்தான் அதிகம் அழைக்கிறார்கள். அதனால் எது முதலில் கெடும் என்பது கைப்பழக்கத்தில் தெரிந்துவிட்டது. உங்கள் ஜன்னலை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஜன்னலுக்கும் பொருந்தக்கூடிய சில கணக்குகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன். எது உறுதி, எதில் தொழில் செய்பவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடை. கண்ணாடிக்கு ஒரே கணக்குதான்: 1 சதுர மீட்டர் பரப்பில், 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. உங்கள் பழைய ஜன்னல் கதவு ஒன்று 600 மில்லிமீட்டர் அகலமும் 1200 மில்லிமீட்டர் உயரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 0.72 சதுர மீட்டர். அதில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி இருந்தால் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 7 கிலோ. அதே இடத்தில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டை வைத்து இரட்டைக் கண்ணாடி போட்டால் 18 கிலோ. சட்டம், அதற்குள் போகும் இரும்புக் குழல் எல்லாம் சேர்ந்தால் இன்னும் சில கிலோ ஏறும். பார்ப்பதற்கு அதே ஜன்னல், அதே அளவு. ஆனால் கீல் தாங்க வேண்டிய பாரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. பழைய ஜன்னல் முப்பது வருடம் அசையாமல் நின்றதே, இது ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி அகலத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் திறக்கும் கதவு, கீலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை போன்றது. கை நீள நீளத் தோள் வலிக்கும். மேல் கீலை வெளியே இழுக்கும் விசை எவ்வளவு என்று பார்க்க, கதவின் எடையை அகலத்தின் பாதியால் பெருக்கி, இரண்டு கீலுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். 24 கிலோ கதவு, அகலம் 600, கீல்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் என்றால் மேல் கீலில் விழும் இழுப்பு 7 கிலோவைச் சற்றுத் தாண்டும். அதே கதவைப் படுக்கவைத்து, அகலம் 1200, கீல்களின் இடைவெளி 400 என்று செய்தால் இழுப்பு 36 கிலோ. எடையும் கண்ணாடியும் அதேதான், இழுப்பு மட்டும் ஐந்து மடங்கு. அகலமான ஒற்றைக் கதவு அழகாக இருக்கும், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆசைப்படுவது இயல்பு. ஆனால் பக்கவாட்டில் திறக்கும் ஜன்னலில் அகலம் உயரத்தைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படி ஒரு இடம் இருந்தால் இரண்டு கதவாகப் பிரிக்கலாம், மேலே கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் திறப்பதாக மாற்றலாம், அல்லது நகரும் ஜன்னலாகப் போடலாம்.

ஆகவே பட்டியலில் "ஃபிரிக்ஷன் ஸ்டே" (இந்த ஜன்னல்களுக்கான கீல்) என்று வெறும் பெயர் இருந்தால் அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. எத்தனை அங்குல நீளம், பக்கவாட்டுக்கானதா மேல்கீலுக்கானதா, எத்தனை கிலோ வரை, எவ்வளவு அகலம் வரை என்ற நான்கு விவரமும் இருக்க வேண்டும். கீல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் அந்த அளவு அட்டவணையைக் கொடுக்கிறார்கள். எடைக்கு மட்டும் பொருந்தி அகலத்துக்குப் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

இந்த ஃபிரிக்ஷன் ஸ்டே என்பது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய கீல் போல ஓரத்தில் தெரியாது. கதவைத் திறந்து மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பார்த்தால், சட்டத்தில் ஒரு தட்டையான தண்டவாளம், அதில் ஓடும் ஒரு சிறு கட்டை, அதிலிருந்து கத்தரி போல விரியும் பட்டைகள் தெரியும். அந்தக் கட்டை தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் உராய்வால்தான் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் வைத்த இடத்தில் நிற்கிறது. அதனால் தனியாகக் கொக்கி தேவையில்லை. பக்கவாட்டுக் கதவுக்கானதும் மேலே கீல் வைத்த கதவுக்கானதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் பட்டைகளின் வடிவமைப்பு வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போடக் கூடாது. இன்னொரு சின்ன அளவும் உண்டு. மூடிய நிலையில் கீலின் மொத்தத் தடிமன் யுபிவிசி ஜன்னல்களில் பெரும்பாலும் 13 அல்லது 17 மில்லிமீட்டர். பிற்காலத்தில் மாற்றும்போது இந்த 4 மில்லிமீட்டரைக் கவனிக்காமல் வாங்கிவிட்டால் கதவு மூடாது, அல்லது மூடியும் ரப்பர் பட்டையை அழுத்தாது. பழையதைக் கழற்றி அளந்த பிறகே புதியதை வாங்க வேண்டும்.

கீலைவிடக் கீலைப் பிடிக்கும் திருகாணியில்தான் நான் அதிகம் குற்றம் கண்டிருக்கிறேன். யுபிவிசி என்பது உள்ளே அறை அறையாகப் பிரிந்த பிளாஸ்டிக் குழல். ஒரே ஒரு பிளாஸ்டிக் சுவரை மட்டும் துளைத்து நிற்கும் திருகாணி, பாரம் ஏற ஏற மெல்லப் பிடி தளரும். உள்ளே இருக்கும் இரும்புக் குழல் வரை போய்ப் பிடிக்க வேண்டும், அது எட்டாத இடத்தில் குறைந்தது இரண்டு சுவரையாவது கடக்க வேண்டும். எல்லாத் துளையிலும் திருகாணி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு தண்டவாளத்துக்குள் விரலை வைத்து நீவிப் பாருங்கள். திருகாணித் தலை தண்டவாளத்தின் மட்டத்துக்குச் சமமாகப் பதிந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் எழும்பி நின்றாலும் ஓடும் கட்டை ஒவ்வொரு முறையும் அதில் உரசும். சில மாதங்களில் தண்டவாளத்தின் ஓரத்தில் கறுப்பாக மாவு போல ஒரு தூள் சேரும். அது அழுக்கில்லை. கட்டை தேய்ந்து உதிர்ந்தது. அந்தத் தூளைப் பார்த்தால் எண்ணெய் விடாதீர்கள், திருகாணியைப் பாருங்கள்.

இனி உங்கள் தெரிந்தவர் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கதவு தொங்குகிறது என்றால் கீல் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் சமையலறை ஜன்னல் கீழே உரசுகிறது என்று என்னை அழைத்தார்கள். அதற்குள் மூன்று முறை கீல் மாற்றியிருந்தார்கள். சட்டத்தில் பழைய துளைகள் சல்லடையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் சில வாரம் சரியாக இருந்து, மறுபடி உரசியிருக்கிறது. நான் திருப்புளியை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக் கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். ஒன்றுக்கொன்று 7 மில்லிமீட்டர் வித்தியாசம். கதவு செவ்வகமாகவே இல்லை, சாய்ந்த சதுரமாகிவிட்டது. கண்ணாடியைப் பிடித்திருந்த பீடிங்கைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடிக்கு அடியில் வைக்கும் முட்டுகள் இரண்டும் கீழ் விளிம்பின் நடுவில் கிடந்தன. ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. முட்டுகளை எடுத்து உரிய மூலைகளில் வைத்து, மூலைவிட்டம் சமமாகும் வரை தடிமனைக் கூட்டிக் குறைத்து, பீடிங்கை அடித்து மூடினேன். கதவு உரசாமல் மூடியது. மூன்றாவதாகப் போட்ட கீலில் ஒரு குறையும் இல்லை. முதலில் இருந்த கீலிலும் குறை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த முட்டு வைக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாது, எந்தப் பட்டியலிலும் வராது, ஆனால் ஜன்னல் நேராக நிற்பதன் உயிர் அதில்தான் இருக்கிறது. சட்டம் மட்டும் தனியாக நின்றால் மூலைகள் சாயப் பார்க்கும். கண்ணாடி சாயாது. எனவே கண்ணாடியைக் கொண்டு சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கிறோம். பக்கவாட்டில் திறக்கும் கதவில், கீல் இருக்கும் பக்கத்துக் கீழ் மூலையில் ஒரு முட்டும், அதற்கு நேர் எதிரே, கைப்பிடிப் பக்கத்து மேல் மூலையில் ஒரு முட்டும் இறுக்கமாக வைத்தால், கண்ணாடி மூலைக்கு மூலை ஒரு தாங்கு கட்டை போல வேலை செய்கிறது. முட்டு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். மரத்துண்டு ஈரத்தில் உப்பும், பிறகு மக்கும். தண்ணீர் வெளியேறும் துளையை அது அடைக்கவும் கூடாது. இரட்டைக் கண்ணாடியின் ஓரம் தேங்கிய தண்ணீரில் ஊறினால் அதன் ஒட்டு விட்டுப்போய், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி படர ஆரம்பிக்கும். உங்கள் ஜன்னல் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு கதவின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதி வைப்பது. பின்னால் எப்போதாவது தொங்கினால் திரும்ப அளந்து பாருங்கள். வித்தியாசம் கூடியிருந்தால் குறை முட்டில். அப்படியே இருந்து கதவு மட்டும் இறங்கியிருந்தால் குறை கீலில் அல்லது திருகாணியில். இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

சுவரில் பதிந்த வெளிச்சட்டமும் இதே போலத்தான். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்க்காமல் பொருத்திய சட்டத்தில் எவ்வளவு உயர்ந்த சாமானைப் போட்டாலும் அது தினமும் தவறான கோணத்தில் பாரம் சுமக்கும். பழைய ஜன்னல் எடுத்த இடத்தில் சுவர் நேராக இருப்பது அபூர்வம். சட்டத்தை நேராக நிறுத்திவிட்டு இடைவெளியை அடைக்க வேண்டும், சுவரின் கோணலுக்கு ஏற்பச் சட்டத்தை வளைக்கக் கூடாது.

பூட்டு விஷயத்தில் பெயர்கள்தான் மிரட்டுகின்றன, பொருள் எளியது. கதவின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு உலோகப் பட்டை ஓடுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் பட்டை நகர்கிறது. பட்டையில் இரண்டு, மூன்று, நான்கு இடங்களில் குமிழ்கள் இருக்கின்றன. அவை சட்டத்தில் உள்ள பிடிகளுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. எஸ்பக் என்பதும் மல்டிபாயின்ட் லாக் என்பதும் இந்த அமைப்பின் பெயர்கள்தான். பல இடங்களில் பிடிப்பதன் முதல் பயன் திருட்டுத் தடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அன்றாடப் பயன் வேறு: கதவு முழு உயரத்துக்கும் ஒரே சீராக ரப்பர் பட்டையை அழுத்துகிறது. நடுவில் ஒரே ஒரு பூட்டு இருந்தால் நடுவில் மட்டும் அழுத்தி, மேலேயும் கீழேயும் காற்றும் மழையும் வரும். ஆகவே 900 மில்லிமீட்டருக்கு மேல் உயரமான கதவுக்கு ஒற்றைப் பூட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த எல்லை ஒன்றும் விதியல்ல, என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட அளவு. காற்று அதிகம் அடிக்கும் இடத்தில் இன்னும் குறைக்கலாம்.

குமிழில் இரண்டு வகை இருக்கிறது. நேர் உருளையாக இருப்பது ஒன்று, தலை பருத்துக் காளான் போல இருப்பது இன்னொன்று. காளான் தலை பிடிக்குள் போனால், வெளியே இருந்து கம்பி விட்டு நெம்பும்போது வழுக்கி வராது. தரைத்தளத்துக்கு அதைக் கேளுங்கள். பல குமிழ்கள் மையம் விலகியவை. அறுகோணச் சாவியால் சற்றுத் திருப்பினால் கதவு இன்னும் இறுக்கமாகவோ தளர்வாகவோ மூடும். ஓரிரு வருடத்தில் ரப்பர் அமுங்கிக் காற்று வர ஆரம்பித்தால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். பல இடங்களில் பூட்டினால் திருடன் வர மாட்டான் என்று மட்டும் நான் உறுதி சொல்ல மாட்டேன். பிடி இரும்புக் குழலில் திருகப்பட்டிருக்கிறதா, கண்ணாடி உடைத்தால் கையை உள்ளே விட முடியுமா, கைப்பிடிக்குச் சாவி இருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்துதான் பாதுகாப்பு. நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி, பூட்டின் எண்ணிக்கையைவிடப் பல இடங்களில் அதிகம் உதவும்.

கைப்பிடி கடைசிக் கவலை. எல்லோரும் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனென்றால் கைக்குத் தெரிவது அது ஒன்றுதான். உடைந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியதும் அது ஒன்றுதான். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: கைப்பிடி பொது அளவில் இருக்க வேண்டும். ஐரோப்பிய வகைக் கைப்பிடிகளில் உள்ளே போகும் சதுரத் தண்டு 7 மில்லிமீட்டர், இரண்டு திருகாணிகளுக்கும் இடையே 43 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு. அதை வாங்கினால் பத்து வருடம் கழித்து யார் செய்த கைப்பிடியையும் அதே இடத்தில் மாட்டலாம். தண்டின் நீளம் மட்டும் மாறும். ஒரே நிறுவனத்தின் தனி வடிவத்தை வாங்கி, அந்த நிறுவனம் அந்த வகையை நிறுத்திவிட்ட பிறகு, ஒரு கைப்பிடிக்காகப் பூட்டு முழுவதையும் மாற்ற நேர்ந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

உள்ளே சாய்வதும் உள்ளே திறப்பதும் ஒரே கதவில் வரும் ஜன்னலையும் சிலர் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு, கிடைமட்டமாக இருந்தால் கதவு போலத் திறக்கும், மேலே பார்த்தால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். நல்ல ஏற்பாடு, துடைக்கவும் சுலபம். ஆனால் திறந்திருக்கும்போது கைப்பிடியை மேலே திருப்பிவிட்டால் கதவு மேல் மூலையில் விடுபட்டுத் தொங்கி, பார்ப்பவரைப் பதற வைக்கும். அதைத் தடுக்க, கதவு திறந்திருக்கையில் கைப்பிடியை அசையவிடாத சிறு நாக்கு ஒன்று ஓரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத அமைப்பை வாங்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

நகரும் ஜன்னலில் கீல் இல்லை, உருளைகள் பாரம் சுமக்கின்றன. ஒரு கதவுக்கு இரண்டு உருளை என்றால் எடையில் பாதி பாதி என்று கணக்குப் போடுவார்கள். நான் ஒவ்வொரு உருளையும் முழு எடையில் முக்கால் பங்கைத் தாங்க வேண்டும் என்று கேட்பேன். தண்டவாளம் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பதில்லை, ஏதோ ஒரு நேரத்தில் ஒரு உருளைதான் அதிகம் சுமக்கும். உருளைக்குள் பேரிங் இருக்கிறதா, பக்கவாட்டில் திருகி உயரத்தை ஏற்றி இறக்க முடியுமா, கண்ணாடியைக் கழற்றாமல் உருளையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உருளை தேயும் பொருள், அது மாறத்தான் வேண்டும். மாற்ற வழியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அலுமினியத் தண்டவாளத்தின் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். கதவை வெளியிலிருந்து தூக்கிக் கழற்றிவிடாமல் மேலே ஒரு தடுப்புக் கட்டை அவசியம். நகரும் ஜன்னலில் வரும் பிறை வடிவப் பூட்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்தக் கட்டை இல்லையென்றால் பூட்டு பூட்டியபடியே கதவு கையோடு வரலாம். நகரும் ஜன்னல் ரப்பரை அழுத்தி மூடுவதில்லை, பிரஷ் போன்ற பட்டை உரசி மூடுகிறது. ஆகவே சாதாரண நகரும் ஜன்னலில் சத்தமும் தூசியும் கீல் வைத்த ஜன்னல் அளவுக்கு அடங்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

மேலும் கீழும் நகரும் வகை உங்களிடம் இருந்தால் ஒரே எச்சரிக்கை. அதைத் தாங்கும் சுருள்வில்லோ எடைக்கட்டையோ கதவின் எடைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கண்ணாடியை மட்டும் தடிமனாக மாற்றிவிட்டுச் சுருளைப் பழையபடியே விட்டால் கதவு சரிந்து விரல்களின்மேல் விழும். முறுக்கேறிய சுருளை நீங்களே கழற்ற முயல வேண்டாம்.

உலோகம் எது என்ற கேள்விக்கு வருகிறேன். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று எழுதியிருப்பது போதாது, வகையைக் குறிக்கும் எண் வேண்டும். 304 என்பதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 316 என்பதில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம். உப்புக் காற்றை எதிர்ப்பது அந்த மாலிப்டினம்தான். கடலுக்கு அருகில் 316 கேளுங்கள், மற்ற இடங்களுக்கு 304 போதும். நிக்கல் இல்லாத 430 என்ற வகை காந்தத்தில் பலமாக ஒட்டும், துருவை எதிர்க்கும் திறனும் குறைவு. காந்தச் சோதனை ஒரு சல்லடைதான், தீர்ப்பு இல்லை. 304 தகட்டை வளைத்து நசுக்கிய இடங்களில் அதுவும் லேசாக ஒட்டும். 304-ஐயும் 316-ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது, ஆகவே அதற்கு எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீல் நல்ல எஃகாக இருந்து திருகாணி மட்டும் முலாம் பூசிய சாதா இரும்பாக இருப்பது மிகப் பரவலான குறை. முதலில் துருப்பிடிப்பது திருகாணித் தலை, பிறகு அங்கிருந்து பழுப்பு நீர் வழிந்து கீலே கெட்டுவிட்டதாகத் தோன்றும். அலுமினியச் சட்டத்தில் பித்தளைத் திருகாணி போட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு மின்கலம் போல வேலை நடக்கிறது.

சிலர் உப்புத் தெளிப்புச் சோதனை மணிநேரம் என்று காட்டுவார்கள், அதாவது உப்பு நீரைத் தெளித்தபடி எத்தனை மணிநேரம் பொருள் தாக்குப்பிடித்தது என்ற கணக்கு. ஐரோப்பியத் தரம் ஈஎன் 1670 இதை ஐந்து படியாகப் பிரிக்கிறது: 24, 48, 96, 240, 480 மணிநேரம். இரண்டு பொருளை ஒப்பிட இது உதவும். ஆனால் 240 மணிநேரம் என்றால் இத்தனை வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆய்வுக்கூடத்தில் தெளிக்கும் உப்பும், வெயிலும் மழையும் தூசியும் மாறி மாறி விழும் சுவரும் ஒன்றல்ல. மணிநேரத்தை வருடமாக மாற்றிச் சொல்பவரை நம்பாதீர்கள்.

வீட்டில் கட்டட வேலையும் நடக்கிறது என்றால் இதைக் கவனியுங்கள். தரைக் கற்களைக் கழுவும் அமிலத்தின் ஆவி பட்டால், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடச் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். சிமென்ட் சாந்து பட்டுக் காய்ந்தால் அலுமினியமும் துத்தநாகக் கலவையும் அரிக்கும். அமிலக் கழுவல் முடிந்து வீடு காற்றாடிய பிறகு ஜன்னலைப் பொருத்தச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கீலும் பூட்டும் வெளித்தெரியாமல் ஒட்டி மூடச் சொல்லுங்கள்.

மாடியில் குழந்தைகள் இருந்தால் கதவு 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பான் போடுவது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட நடைமுறை. அந்தத் தடுப்பானைப் பெரியவர் ஒருவர் சாவி தேடாமல் விடுவிக்க முடிய வேண்டும். தீ விபத்தில் அந்த ஜன்னலே வெளியேறும் வழியாக இருக்கலாம். பிரிட்டனின் கட்டட விதி தப்பிக்கும் ஜன்னலுக்கு 0.33 சதுர மீட்டர் திறப்பும், அகலத்திலும் உயரத்திலும் குறைந்தது 450 மில்லிமீட்டரும் கேட்கிறது. உங்கள் ஊர் விதி எதுவானாலும், படுக்கையறையில் ஒரு ஜன்னலாவது ஆள் நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சில ஃபிரிக்ஷன் ஸ்டே கதவை ஓரத்திலிருந்து நடுப்பக்கம் நகர்த்தியபடி திறப்பதால், இருக்கும் அகலத்தில் ஒரு பகுதியைக் கதவே அடைத்துக்கொள்ளும். அகலமாகத் திறக்கும் வகை தனியாக இருக்கிறது, அதைப் படுக்கையறைக்குக் கேளுங்கள்.

பராமரிப்பு கொஞ்சம்தான், ஆனால் தவறாகச் செய்தால் கெடுதல். பூட்டுப் பட்டைக்கும் குமிழுக்கும் வருடத்துக்கு ஒரு முறை மெல்லிய எந்திர எண்ணெய் போதும். ஃபிரிக்ஷன் ஸ்டேயின் ஓடும் கட்டைக்கு எண்ணெய் விடாதீர்கள், உராய்வு போனால் கதவு நிற்காது. தண்டவாளத்தைத் துடைத்தால் போதும், தளர்ந்திருந்தால் கட்டையில் உள்ள சிறு திருகை லேசாக இறுக்கலாம். ரப்பர் பட்டை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உப்பிக் குழையும், சிலிக்கோன் தெளிப்பு மட்டும் பயன்படுத்துங்கள். கீழ்ச் சட்டத்தின் நீர்த்துளைகளில் மழைக்கு முன் ஒரு குச்சி விட்டுப் பாருங்கள்.

பொருத்தி முடிந்த அன்று, பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும், மூலைகளிலும். எங்கு காகிதம் தடையில்லாமல் வருகிறதோ அங்கு காற்றும் வரும். பிறகு கதவை முக்கால்வாசி திறந்து, விட்டுவிட்டுப் பாருங்கள். தானாக நகர்ந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது, அல்லது உராய்வு போதவில்லை. கீல், பூட்டு, உருளை ஒவ்வொன்றின் மேலும் பொறித்திருக்கும் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் கழித்து மாற்ற வேண்டி வரும்போது அந்தப் படம் பாதி வேலையை முடித்துவிடும்.

கடைசியாக, பழைய பித்தளைத் தாழ்ப்பாளும் கொக்கியும். புதிய யுபிவிசி அல்லது அலுமினியச் சட்டத்தில் அவற்றைப் போட வேண்டாம். மரத்தில் பிடிப்பதற்காகச் செய்த திருகாணி வெற்றுக் குழலில் பிடிக்காது, தாழ்ப்பாளுக்காகத் துளையிட்டால் தண்ணீர் உள்ளே போக வழி ஏற்படும், புதிய சட்டத்தின் உத்தரவாதமும் அதோடு போய்விடலாம். ஆனால் வீட்டில் ஒரு மர ஜன்னலையாவது விட்டுவைக்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் சாமான்களைக் கழற்றிப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, அதில் மாட்டிக்கொள்ளுங்கள். வார்ப்புப் பித்தளைக் கீலின் நடுத்தண்டு தேயாமல் இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை உழைக்கும். தண்டைக் கழற்றிப் பார்த்து, ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் தண்டை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.